டாக்டர், ஆபரேஷனுக்கு முன்னால் இந்த ஸ்கேன் எதற்கு?

வயிற்று ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே ஆதங்கம்: "எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை." நியாயமான ஆதங்கம்தான். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை, அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிந்துவிட்டது, லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சின்னத் துளைகள் வழியாக எடுக்க நாளும் குறித்தாயிற்று. சி.டி. எடுக்காமலா ஆபரேஷன் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நாங்களே கேட்டு எடுத்துவிடலாமா?

வேண்டாம். உங்கள் சர்ஜன் சரியாகத்தான் செய்கிறார். பித்தப்பைக் கல் விஷயத்தில் அல்ட்ராசவுண்டுக்குத்தான் முதலிடம். கொலஸ்ட்ரால் அதிகமுள்ள சில கற்கள் சுற்றியிருக்கும் பித்தநீரின் அடர்த்தியிலேயே இருக்கும், சி.டி. பயன்படுத்தும் எக்ஸ்ரே கதிருக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் கல் இருந்தும் சி.டி.யில் தெரியாமல் போகலாம். அல்ட்ராசவுண்டின் ஒலி அலைக்கு அந்தக் குழப்பம் இல்லை. கல் பளிச்சென்று தெரியும், பின்னால் நிழல் விழும், அம்மாவைப் புரண்டு படுக்கச் சொன்னால் கல்லும் நகர்வதைப் பார்க்கலாம்.

பித்தப்பை அழுகி ஓட்டை விழுந்திருக்குமோ, சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருப்பது புற்றுநோயாக இருக்குமோ, கணையமும் சேர்ந்து வீங்கிவிட்டதோ என்ற சந்தேகங்கள் வந்தால் அப்போது சி.டி. வேண்டும். கல் பித்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி என்றால் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் நல்லது. இதில் எதுவுமே இல்லாதபோது சி.டி. எடுத்தால் கதிர்வீச்சுதான் மிச்சம்.

கேள்வி: 19 வயது மகனுக்கு வயிற்று வலி, குடல்வால் அழற்சி என்று சந்தேகம். அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், "குடல்வால் தெரியவில்லை" என்று வந்தது. தெரியவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எதற்கு சி.டி.?

அப்படி அர்த்தம் இல்லை. இதைப் பல வீடுகளில் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குடலில் காற்று நிறைய இருந்தாலோ, வயிற்றில் கொழுப்பு அதிகமானாலோ, குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலோ ஒலி அலை அங்கே போய்ச் சேராது. "தெரியவில்லை" என்றால் பார்க்க முடியவில்லை என்று மட்டும்தான்.

சி.டி.யில் எப்படித் தேடுகிறோம் என்று சொல்கிறேன். வயிற்றைக் குறுக்காக நறுக்கிய மாதிரி நூற்றுக்கணக்கான படங்கள் திரையில் வரும், மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட மேலேயும் கீழேயும் போகலாம். மலக்குடலில் பிடித்து, பெருங்குடலை விடாமல் பின்தொடர்ந்து, இடது பக்கம் ஏறி, குறுக்கே போய், வலது பக்கம் இறங்கினால் பெருங்குடல் ஆரம்பிக்கிற பை போன்ற இடம் வரும். சிறுகுடல் வந்து சேரும் வாயை அடையாளம் வைத்துக்கொண்டு அதற்குச் சற்றுக் கீழே தேடினால், ஒரு முனை மூடிய மெல்லிய குழாய் கிளம்புவது தெரியும். அது 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, சுவர் வீங்கி, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கிக் கோடுகோடாக இருந்தால் அழற்சிதான். வழக்கமாக அந்தக் கொழுப்பு ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும், அது கலங்கினால் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

ஆனால் சர்ஜனுக்கு வேண்டியது ஆமா, இல்லை என்ற பதில் மட்டும் இல்லை. குடல்வாலின் வாயில் மலம் இறுகிய கல் அடைத்திருக்கிறதா? அப்படியானால் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துச் சமாளிக்கும் வழி தோற்க வாய்ப்பு அதிகம். வெடித்துவிட்டதா? வெடித்து, சீழ் ஒரு இடத்தில் கட்டியாகத் தேங்கியிருந்தால் உடனே கத்தி வைப்பதைவிட, வெளியிலிருந்து மெல்லிய குழாய் செருகிச் சீழை வடித்து மருந்து கொடுப்பதே பல நேரம் பாதுகாப்பு. அல்லது வலிக்குக் காரணம் குடல்வாலே இல்லாமல் சிறுநீர்க்குழாயில் கல்லா, சிறுகுடலின் கடைசிப் பகுதி வீக்கமா? சி.டி. பரவலாவதற்கு முன், சந்தேகத்தின் பேரில் எடுத்த குடல்வால்களில் 15 முதல் 20 சதவீதம் வரை நல்ல குடல்வாலாகவே இருந்தன. இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

உங்கள் மகன் விஷயத்தில் எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். இள வயது என்பதால் கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை, குடல்வாலைப் பார்க்க அது போதும். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரிசை வேறு: முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் முடிவு தெரியாவிட்டால் கூடுமானவரை எம்.ஆர்.ஐ. தாயின் உயிருக்கே ஆபத்து, வேறு வழியில்லை என்றால் கர்ப்பிணிக்கும் சி.டி. எடுப்பார்கள், அங்கே தாமதம்தான் பெரிய ஆபத்து.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருஷத்துக்கு முன் வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆனது. இப்போது குடல் அடைப்பு. சி.டி. எடுத்தார்கள், அடைப்பு இருக்கிறது என்றும் சொல்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் வேண்டாம், மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காத்திருக்கலாம் என்கிறார்கள். அடைப்பு தெரிந்த பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்?

உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனால் அந்த ஸ்கேன்தான் காத்திருக்கும் தைரியத்தையே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

பழைய ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று நார் போல ஒட்டிக்கொள்வதுதான் சிறுகுடல் அடைப்புக்கு மிகச் சாதாரணமான காரணம். அந்த நார் பெரும்பாலும் படத்தில் தெரியாது. 3 சென்டிமீட்டருக்கு மேல் உப்பிய குடலைப் பின்தொடர்ந்து வருகிறோம், ஒரு இடத்தில் சட்டென்று சுருங்குகிறது, அங்கே கட்டி இல்லை, ஹெர்னியா இல்லை, ஒன்றுமே இல்லை என்றால் ஒட்டலாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வருகிறோம்.

அடுத்ததுதான் உயிர்க் கேள்வி: குடலுக்கு ரத்தம் போகிறதா? ஊசி வழியாகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ரத்தத்தோடு போய்க் குடல் சுவரைப் பிரகாசமாக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தாலோ, ஒரே வளையம் இரு முனையிலும் இறுக்கப்பட்டிருந்தாலோ, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் முறுக்கிச் சுழன்று தெரிந்தாலோ, சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் இருந்தாலோ சர்ஜனை உடனே போனில் கூப்பிடுவோம், எழுதிய ரிப்போர்ட் போய்ச் சேரும்வரை காத்திருக்க மாட்டோம். அப்பாவுக்கு அவை எதுவும் இல்லை என்பதால்தான் குழாயும் டிரிப்பும். ஒட்டலால் வரும் அடைப்பு பெரும்பாலும் கத்தி இல்லாமலே விலகிவிடும். சில இடங்களில் அந்தக் குழாய் வழியாகவே நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கொடுத்து அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் மருந்து பெருங்குடலுக்கு வந்துவிட்டால் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஸ்கேன் அந்த நேரத்து நிலைமையைத்தான் காட்டும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினால், காய்ச்சல் வந்தால், நாடி வேகமாக ஓடினால், காலையில்தானே ஸ்கேன் பார்த்தார்கள் என்று சும்மா இருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கணவருக்குக் கல்லீரலில் கட்டி, ஒரு பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். ஒரே ஸ்கேனில் மூன்று நான்கு முறை உள்ளே அனுப்பி எடுத்தார்கள். மெஷின் கோளாறா? கதிர்வீச்சு அதிகமாகிவிடாதா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் எடுப்பார்கள். கல்லீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது: முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க்கு முக்கியமாகத் தமனிதான் ரத்தம் ஊட்டுகிறது. அதனால் ஊசி போட்ட ஏறக்குறைய 35 வினாடியில் கட்டி பளிச்சென்று ஒளிரும், 70 வினாடியில் கல்லீரல் முழுக்க ஒளிரும்போது கட்டி மங்க ஆரம்பிக்கும், சில நிமிடம் கழித்து இன்னும் மங்கும். ரத்தநாளக் கட்டி என்கிற, புற்றுநோயே இல்லாத வகை இதற்கு நேர்மாறாக ஓரத்திலிருந்து மெதுமெதுவாக நிறையும். ஒரே ஒரு முறை எடுத்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

இதே படங்களிலிருந்து சர்ஜனுக்கு இன்னும் இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, நாளங்களின் வரைபடம். கல்லீரலின் வலது பக்கத் தமனி ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வழக்கமான இடத்திலிருந்து கிளம்பாமல் குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளம்பும். வயிற்றைத் திறந்த பிறகு அது தெரிய வருவதைவிட முன்கூட்டியே தெரிந்திருப்பது எவ்வளவோ மேல். இன்னொன்று, மிச்சம் வைக்கப்போகும் கல்லீரலின் அளவு. ஆரோக்கியமான கல்லீரல் என்றால் குறைந்தது 20 முதல் 25 சதவீதம், கீமோ நிறைய வாங்கிய கல்லீரல் என்றால் 30, சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்க நோய் இருந்தால் 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். கணக்கு இடித்தால், வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் சிரையை முன்பே அடைத்து, மிச்சப் பக்கத்தை வளரவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்த்து ஆபரேஷன் செய்வார்கள்.

கதிர்வீச்சுக்கு வருவோம். வயிறும் இடுப்பும் ஒரு முறை எடுக்க ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையாகவே எல்லோருக்கும் வருஷத்துக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. 10 மில்லிசீவர்ட்டால் பிற்காலத்தில் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2000-ல் ஒன்று கூடலாம் என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் மதிப்பீடு. எத்தனை முறை எடுக்கிறார்களோ அத்தனை மடங்கு கூடும் என்பதும் உண்மை. உங்கள் கணவரின் கல்லீரலுக்கு அது கொடுக்க வேண்டிய விலைதான். ஆனால் சாதாரண வயிற்று வலிக்கு மூன்று தடவை எடுத்தால் ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றே போதும்.

கேள்வி: எனக்கு இறால் சாப்பிட்டால் தடிப்பு வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறேன். கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

இறாலுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. இறாலில் ஒவ்வாமை கொடுப்பது அதிலுள்ள ஒரு புரதம், இந்த ஊசி மருந்திலும் இருக்கிற அயோடின் அல்ல. இந்தக் கதை எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது, ஆஸ்பத்திரிப் படிவத்தில்கூட இன்னும் கேட்கிறார்கள். நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது, முன்பு இதே மாதிரி ஸ்கேன் ஊசிக்கு அரிப்பு, மூச்சுத் திணறல் வந்திருக்கிறதா என்பதுதான். அதோடு ஆஸ்துமா, தைராய்டு அதிகச் சுரப்பு இருந்தால் அதையும்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்து, ஊசிக்குப் பிறகு இன்னும் சுணங்கினால் அந்த மாத்திரை உடம்பில் தேங்கும், அதுதான் பிரச்சினை. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துக் கணக்கிடும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே இருந்தால் ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடர வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை.

ஊசி போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். எல்லாம் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், பயந்து அசைந்துவிடாதீர்கள். ஆனால் ஊசி போட்ட கை சுரீரென்று வலித்து வீங்கினால் அங்கேயே சத்தம் போட்டுச் சொல்லுங்கள், மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். சி.டி. பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு, பரவியிருக்கிறது என்று ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். ஸ்கேனைத் தப்பாகப் பார்த்தார்களா? மனசு ஆறவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படங்களைப் பார்க்காமல் யார் மேலும் தப்பு, தப்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தப்பே நடக்காமலும் இப்படி ஆகும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கணையக் கட்டியில் சி.டி. நன்றாகச் சொல்லக்கூடியது, கட்டி பக்கத்திலுள்ள பெரிய நாளங்களைப் பிடித்திருக்கிறதா என்பதை. குடலுக்குப் போகும் பெரிய தமனியைப் பாதிச் சுற்றுக்கு மேல், அதாவது 180 டிகிரிக்கு மேல் வளைத்திருந்தால் நேராக ஆபரேஷனுக்குப் போக மாட்டார்கள். தமனி சுத்தமாக இருந்தால் எடுக்கலாம் என்பார்கள், அண்ணனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் வயிற்றின் உள்சவ்விலோ கல்லீரலின் மேற்பரப்பிலோ சில மில்லிமீட்டர் அளவில் மணிமணியாக ஒட்டியிருக்கும் படிவுகள் சி.டி.யில் பெரும்பாலும் தெரிவதில்லை. நல்ல மெஷினில், கவனமாகப் பார்த்தாலும் தெரியாது. அதனால்தான் கட்டி பெரிதாக இருந்தாலோ, சி.ஏ. 19-9 என்ற, ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய் அடையாளப் பொருளின் அளவு மிக அதிகமாக இருந்தாலோ, முதலில் சின்னத் துளை போட்டு கேமராவை விட்டு உள்ளே பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் பெரிய ஆபரேஷனை ஆரம்பிக்கிறார்கள். பரவியிருக்கிறது என்று கண்ட பிறகு எடுக்காமல் மூடியதும் சரியான முடிவுதான். அந்தப் பெரிய ஆபரேஷனிலிருந்து தேற வாரக்கணக்கில் ஆகும், கீமோ அவ்வளவு தள்ளிப்போயிருக்கும், பலன் இருந்திருக்காது. இப்போது காயம் ஆறியதும் கீமோ தொடங்குவது பற்றி உடனே பேசுங்கள்.

கேள்வி: ஹெர்னியாவுக்கு எதற்கு சி.டி.? கண்ணுக்கே தெரிகிறதே!

தொடை இடுக்கில் வரும் சாதாரண ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பழைய ஆபரேஷன் தழும்பில் வந்த பெரிய ஹெர்னியாவுக்குத்தான் வேண்டும்: ஓட்டை எவ்வளவு அகலம், தசைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன, வெளியே வந்த குடலைத் திரும்ப உள்ளே வைத்தால் வயிற்றில் இடம் இருக்குமா என்று அளக்க வேண்டும். இடம் இல்லாமல் திணித்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுவிடவே சிரமப்படுவார்.

கேள்வி: பெருங்குடல் ஆபரேஷனுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாக (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும்) அட்ரினல் சுரப்பியில் 2 செ.மீ. கட்டி என்று வந்திருக்கிறது. இதுவும் பரவியதுதானா?

பெரும்பாலும் இருக்காது. புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் இது அடிக்கடி தென்படுகிறது. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் உண்டு, சி.டி.யைக் கண்டுபிடித்து 1979-ல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அந்த அளவு வழங்குகிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த படத்தில் கட்டியின் எண் 10 அல்லது அதற்குக் கீழே, ஒரே சீராக இருந்தால் அது கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி.

எண் அதற்கு மேல் இருந்தால் பெருங்குடல் ஆபரேஷனுக்கு முன்னாலேயே மெட்டாநெஃப்ரின் என்ற பரிசோதனை செய்துவிடச் சொல்லுங்கள். அட்ரினலின் சுரக்கும் அபூர்வமான கட்டி ஒன்று உண்டு. அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கிற இந்தக் கட்டியை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த சி.டி. கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி மாறினோம், புதிதாக எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

என்ன நோய் என்பதைப் பொறுத்தது. கணையப் புற்றுநோய் என்றால் ஆபரேஷனுக்கு நான்கு வாரத்துக்குள் எடுத்த படம் வேண்டும் என்பது நடைமுறை, அதற்குள் நிலைமை மாறிவிடக்கூடும். ஹெர்னியாவுக்கோ சாதாரண நீர்க்கட்டிக்கோ இரண்டு மாதப் படம் தாராளமாகப் போதும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்திருந்தாலும், ஊசிக்குப் பிறகு வெவ்வேறு நேரத்தில் எடுக்க வேண்டிய படங்களை எடுக்காமல் விட்டிருந்தாலும் திரும்ப எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

பல நேரம் திரும்ப எடுக்கச் சொல்வதற்குக் காரணம் நோயே அல்ல, பழைய படம் கையில் இல்லாததுதான். காகித ரிப்போர்ட்டும் நாலைந்து படம் அச்சிட்ட ஃபிலிமும் போதாது. சர்ஜன் தன் கண்ணால் உருட்டிப் பார்க்க எல்லாப் படங்களும் அடங்கிய குறுந்தகடோ பென்டிரைவோ வேண்டும், எடுத்த இடத்தில் கேட்டால் கொடுப்பார்கள். புதிதாக எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் அதைக் கொண்டுபோங்கள், கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். குடலை எங்கே வெட்டி எங்கே இணைத்தார்கள் என்று தெரிந்தால் படம் பார்ப்பது எங்களுக்கு எவ்வளவோ சுலபம்.